நீர்க்கட்டி பச்சமுத்துவின் கப்பல்

பச்சமுத்து பேச்சை எடுத்தால் எங்கள் ஊரில் முதலில் சிரிப்பார்கள். "மாட்டுத் தொட்டியில உப்பக் கரச்சி மூஞ்ச வெச்சவன்தானே?" என்பார்கள். அப்படிச் சிரிக்கிறவர்கள் வயலுக்கெல்லாம் அவன் கையால் திறந்த தண்ணீர்தான் பாய்ந்திருக்கிறது. அதனால் அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பஞ்சாட்சரம். அவனோடு ஐந்தாவது வரை ஒன்றாகப் படித்தவன். ஏரியின் கடைசி வாய்க்காலில், தண்ணீர் ஊரில் எல்லோரையும் விசாரித்துவிட்டு வந்து சேருகிற இடத்தில், எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகிற வழியில், பஸ் பாதையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊர் எங்களுடையது. ஏரி பெரியது, மதகு ஒன்றே ஒன்று. ஏரித் தரையில் பதித்த பாறையில் ஒரு துளை. அதை அடைத்துக்கொண்டு தொடை கனத்துக்கு ஒரு மரக்கட்டை. ஒரு காலத்தில் அந்தக் கட்டையோடு நீளமான கழி ஒன்று சேர்ந்திருந்ததாம், கரையில் நின்றபடியே இழுத்துத் திறப்பார்களாம். கழி உளுத்து முறிந்து வெகுகாலம் ஆயிற்று. இரும்புக் கதவு போட்டுத் தருகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். கதவு வரும் வரைக்கும் ஒரு ஆள் முங்கிப் போய், சேற்றில் காலை ஊன்றி, இரண்டு கையாலும் கட்டையை அசைத்து அசைத்துப் பிடுங்க வேண்டும். கட்டை வெளியே வந்த அந்த நொடியே தண்ணீர் துளைக்குள் பாயும், ஆளையும் சேர்த்து இழுக்கும். இடுப்பில் கட்டியிருக்கிற கயிற்றை மேலே நிற்கிறவன் அப்போதே இழுத்து ஆளை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் அவ்வளவுதான்.

இந்த வேலை செய்கிறவனை நீர்க்கட்டி என்போம். மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வாய்க்காலுக்கு எப்போது என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவது எல்லாம் அவன் பொறுப்பு. அறுவடை ஆனதும் ஒவ்வொரு களத்திலும் முதல் மரக்கால் நெல் அவனுக்குப் போகும். பச்சமுத்துவின் அப்பா நீர்க்கட்டி. அவருக்குப் பிறகு இவன்.

கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்த அண்ணன் தம்பி கையில் கொடுக்க மாட்டார்கள். பாகம் பிரிக்கிற ஞாபகம் அவர்களுக்கு எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாதே. மைத்துனன் அப்படியில்லை. அவன் கயிற்றை விட்டால் அறுகிறது அவனுடைய அக்காள் தாலி. எங்கள் முன்னோர் நன்றாக யோசித்துத்தான் இந்த வழக்கத்தை வைத்தார்கள். ஆனால் தண்ணீருக்கு வெளியே ஒருவன் கயிற்றை விட முடியும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

பச்சமுத்துவுக்குக் கயிறு பிடித்தவன் பெருமாள், அவன் மனைவி பாஞ்சாலியின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அக்காள் வீட்டிலேயே வளர்ந்தவன். பச்சமுத்துவுக்குப் பிள்ளை கிடையாது. இவனைத்தான் பிள்ளையாக வைத்திருந்தான். முங்கவும் கட்டையைப் பிடுங்கவும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் பச்சமுத்துதான். மாமாவும் மைத்துனனும் கரைமேல் நடந்து போனால், ஒருவன் தோளில் கயிற்றுச் சுருள் இருக்கும், ஒருவன் வாயில் பீடி இருக்கும், பேச்சு ஓயாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. தை மாதம் நவரைப் பட்டத்து நெல் சாகுபடிக்கு முதல் முதலாக மதகு திறக்கிற நாளில், ஏரிக்கரை அம்மனுக்குப் பொங்கல் வைத்து, நீர்க்கட்டி தலையில் புதுத் துண்டு கட்டுவார்கள். அன்றைக்கு யார் கை கட்டையைப் பிடுங்குகிறதோ, அந்த வருஷத் தண்ணீர் முழுக்க அவன் கையில். நடுவில் மாற்றக் கூடாது. எப்போதோ இரண்டு பேர் மாற்றி மாற்றித் திறந்து, ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டு, வெட்டுக் குத்து வரை போனதாம். அதிலிருந்து ஒரு வருஷத் தண்ணீருக்கு ஒரு கை என்று வைத்துவிட்டார்கள்.

இப்போது ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதகை ஒட்டினாற்போல் ஏழு ஏக்கர் அவருக்கு. தண்ணீர் ஏரியை விட்டு வெளியே வந்ததும் முதலில் பார்ப்பது அவர் வரப்பைத்தான். நல்ல மனிதர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் அவரே. மழை பொய்த்த வருஷம் ஒன்றில், அவர் வயல் ததும்பி வழிகிறபோது எங்கள் கடைசி வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. பச்சமுத்து போய் அவருடைய வாய்க்கால் மடையை மண் போட்டு அடைத்து, தண்ணீரை எங்களுக்குத் திருப்பினான். அவர் வந்து வரப்பில் நின்று கேட்டார். முறை முடிஞ்சிபோச்சி என்று மட்டும் சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போனான். ஏகாம்பரம் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அவர் மாதிரி ஆட்கள் அன்றைக்கே பேச மாட்டார்கள்.

ஆனால் பச்சமுத்துவுக்கு அந்த வேலை அலுத்துப் போயிருந்தது. நாற்பதைத் தாண்டியிருந்தான். தண்ணீருக்கு அவன் பயந்தவன் இல்லை, மனுஷர்களின் கத்தல்தான் தாங்கவில்லை. என் முறை, உன் முறை என்று விடிந்தால் அவன் வாசலில் ஆள் நிற்கும். நானும் போய் நின்றிருக்கிறேன். இந்த அலுப்புக்கு நடுவில் அவன் மனதில் ஒரு ஆசை ஒளிந்திருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. சிறு வயதில் மாசி மகத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனபோது கடலைப் பார்த்திருக்கிறான். ஒருநாள் கரையில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே பெருமாளிடம் அதைச் சொல்லியிருக்கிறான். அந்தத் தண்ணிக்கு மதகே கெடையாதுடா, யாரும் வந்து முறை கேக்க மாட்டாங்க, அதுல ஒரு வேல கெடைச்சா இந்தக் கவுற இங்கியே போட்டுட்டுப் போயிடுவேன் என்று. சொன்னது அவன் ஒருவனிடம் மட்டும்.

எழுபத்தேழில் நல்ல மழை. ஏரி நிரம்பிக் கடைவாசல் வழியாக வழிந்து போனது. அந்த வருஷம் பெருமாள் சில மாதங்கள் மெட்ராஸில் மூட்டை தூக்கிவிட்டுக் கார்த்திகை தீபத்துக்கு ஊர் திரும்பினான். திரும்பும்போது ஒரு கப்பலைக் கொண்டுவந்தான். துறைமுகத்தில் கோபால் என்று ஒரு மேஸ்திரி இருக்கிறாராம். கப்பலின் அடிவயிற்றில் சிப்பி ஒட்டிக்கொண்டு கனம் ஏறுமாம், முங்கிப் போய் அதைச் சுரண்டி எடுக்க ஆள் வேண்டுமாம். மூச்சு அடக்கத் தெரிந்தவன் கிடைத்தால் வயசு பார்க்க மாட்டார்களாம். வேலை பிடித்துப்போனால் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு போவார்களாம், சிங்கப்பூர் வரைக்கும்.

பச்சமுத்து முதலில் நம்பவில்லை. கப்பல்காரன் அவ்வளவு பெரிய கடலை வைத்துக்கொண்டு ஏரிக்காரனைத் தேடுவானா என்று கேட்டான். பெருமாள் பதில் வைத்திருந்தான். பட்டணத்துப் பையன்களுக்கு நீச்சல் தெரியும், முங்கி வேலை செய்யத் தெரியாது என்றான். பச்சமுத்து யோசிக்க ஆரம்பித்தான். யோசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவன் ஆளே மாறிவிட்டான். கடல் தரை சேறா மணலா என்று கேட்பான். கப்பலின் அடி வழவழப்பா சொரசொரப்பா, பிடித்துக்கொள்ள இடம் இருக்குமா என்று கேட்பான். ஊரில் யாருக்குத் தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அவன் எல்லாவற்றையும் நம்பிக் கேட்டுக்கொண்டான்.

அவனுக்கு இருந்த ஒரே சந்தேகம் கண்ணைப் பற்றியது. ஏரிக்குள் கலங்கல் தண்ணீர், ஒன்றும் தெரியாது, அவன் கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே வேலை செய்கிறவன். கப்பல் வேலைக்குக் கண் திறந்திருக்க வேண்டும் என்று பெருமாள் சொல்லியிருந்தான். உப்புத் தண்ணீரில் கண் திறக்க முடியுமா? கடைக்குப் போய்க் கல் உப்பு வாங்கிவந்து மாட்டுத் தொட்டியில் கரைத்து, முகத்தை உள்ளே வைத்துக் கண்ணைத் திறந்தான். எவ்வளவு போட வேண்டும் என்று தெரியாமல் ஊறுகாய்ப் பதத்துக்குப் போட்டுவிட்டான். கண் இரண்டும் கோவைப்பழம். மாடு இரண்டு நாள் அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை. ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும் சிரித்துக்கொண்டே அடுத்த நாள் உப்பைக் குறைத்துப் போட்டு மறுபடி முகத்தை வைத்தான். தினமும் வைத்தான்.

பாஞ்சாலிக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. அவள் என் வீட்டுக்கு வந்து, அண்ணே நீயாவது சொல்லு, ஏரின்னா அது சாயங்காலம் வூட்டுக்கு வந்துடும், கடல்ல எறங்குனா எப்ப வரும் என்று அழுதாள். நான் அவனைக் கூப்பிட்டுப் போகாதே என்று சொன்னேன். அவன் கேட்ட கேள்வி ஒன்றுதான். கடலில் இறங்கும்போது கயிறு யார் பிடிப்பார்கள்? அதைத்தான் அவன் பெருமாளிடமும் கேட்டிருக்கிறான். நான்தான் மாமா புடிப்பேன், நானும் கூட வரேன் என்று பெருமாள் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு சொல்லில் அவன் பாதி மனது கப்பல் ஏறிவிட்டது.

மீதிப் பாதி ஊரில்தான் இருந்தது. அவன் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், மேஸ்திரி சொல்வதைக் கேட்டு, கடலைப் பார்த்து, பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னான். அந்த வருஷம் மதகு திறக்கிற நாளைத் தைப்பூசம் கழித்து என்று ஊர் கூடி வைத்திருந்தது. பொங்கல் முடிந்த கையோடு போய் அதற்குள் வந்துவிடலாம் என்பது அவன் திட்டம். பெருமாளும் அதையே சொன்னான். மேஸ்திரி ஊருக்குப் போய்விடுவார், இப்போதே பார்த்துவிடு, நான் நாற்றங்காலுக்கு ஒரு உழவு ஓட்டிவிட்டு நாளைக்கே பின்னால் வருகிறேன் என்றான். பச்சமுத்து கிளம்பும்போது அவன் கயிற்றுச் சுருளைப் பெருமாள்தான் வாங்கி வீட்டு ஆணியில் மாட்டினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மெட்ராஸில் நடந்ததை அவன் என்னிடம் சொன்னதில்லை. பாஞ்சாலி சொல்லித்தான் தெரியும். துறைமுகத்து வாசலில் காலையிலிருந்து நின்றிருக்கிறான். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் கோபால் மேஸ்திரியைக் கேட்டிருக்கிறான். அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை. பெருமாளும் வரவில்லை. இரண்டாம் நாள் காவல்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, வாசலில் நின்று ஆள் எடுக்கிற வேலை இது இல்லை ஐயா, ஊருக்குப் போங்கள் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அப்போதும் இவனுக்குப் பெருமாள்மேல் சந்தேகம் வரவில்லை. அவனை எவனோ ஏமாற்றியிருக்கிறான், பாவம், சின்னவன் என்றுதான் நினைத்திருக்கிறான்.

பஸ் ஏறும் முன்னால் காசிமேட்டுப் பக்கம் நடந்துபோய்க் கடலில் இறங்கியிருக்கிறான். அலை தாண்டி, முங்கி, கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறான். எரியவில்லையாம். தொட்டியில் பழகினது வீண் போகவில்லை, எல்லாம் பச்சையாத் தெரிஞ்சுது பாஞ்சாலி என்று சொன்னானாம். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னானாம்.

உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்கு நடந்தே வந்தான். நான் என் வயலில் நாற்றங்காலுக்குக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தேன். தூரத்திலேயே அவனைப் பார்த்துவிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாட்டை நிறுத்திவிட்டு நின்றேன். அவன் வாய்க்கால் பாலத்தருகே வந்ததும் நடையை நிறுத்தினான். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து கையை வைத்துப் பார்த்தான். மழைத் தண்ணீர் இல்லை, கிணற்றுத் தண்ணீர் இல்லை, ஏரித் தண்ணீர். தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அப்படியே வாய்க்கால் கரையோடு மதகை நோக்கி நடந்தான். நான் பின்னால் ஓடினேன். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

நடந்தது இதுதான். அவன் பஸ் ஏறின மறுநாளே ஏகாம்பரம் தன் நாற்று காய்கிறது என்று ஊரைக் கூட்டினார். மதகை இப்போதே திறக்க வேண்டும், நீர்க்கட்டி சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் வேலைக்குப் போய்விட்டான், இனி வரமாட்டான் என்றார். நான் எழுந்து கத்தினேன். வருவான், நாள் வைத்தது வைத்ததுதான் என்றேன். கடைசி வயல்காரர்கள் நாலு பேர் என் பக்கம். மற்றவர்கள் தண்ணீர் வந்தால் சரி என்று இருந்தார்கள். மாமா போவும்போது என்னத்தான் பாத்துக்கச் சொல்லிச்சி என்று பெருமாள் அம்மன் எதிரிலேயே சொன்னான். ஏகாம்பரம் அவன் தலையில் புதுத் துண்டைக் கட்டினார். அவருடைய வண்டிக்காரன் முத்துவேல் கயிற்றைப் பிடித்தான். பச்சமுத்து கிளம்பும்போது பெருமாள் வாங்கி ஆணியில் மாட்டின அதே கயிறு.

பச்சமுத்து மதகடிக்குப் போனபோது பெருமாள் அந்தத் துண்டோடு உட்கார்ந்திருந்தான். ஏகாம்பரமும் இருந்தார். ஊரும் மெல்ல மெல்ல வந்து கூடியது. பச்சமுத்து சண்டை போடுவான், குறைந்தது ஒரு அறையாவது விடுவான் என்று நான் காத்திருந்தேன். அவன் பெருமாள் எதிரில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டான்.

"கோபால் மேஸ்திரின்னு ஒருத்தன் கீறானாடா?"

பெருமாள் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல மாமா" என்றான்.

"கப்பலு?"

ஏகாம்பரம் குறுக்கே புகுந்து, யார் யாரை ஏமாற்றினால் எனக்கென்ன, ஒரு வருஷத் தண்ணீருக்கு ஒரு கை, இது நான் போட்ட சட்டம் இல்லை என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கை துருதுருக்கிறது.

பச்சமுத்து அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. பெருமாளிடமே பேசினான். "வேல போனா போவுதுடா. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். எனக்குக் கடல் ஆச கீதுன்னு உங்கிட்ட மட்டுந்தானே சொன்னேன். அத்த எடுத்தாடா என்னிய அடிச்ச?"

எழுந்து போய்விட்டான். பெருமாளுக்கு ஏகாம்பரம் முன்பே பேசி வைத்தபடி தன் தோப்பு வீட்டில் இடம் கொடுத்தார். அவனுடைய துணிமணிகளைப் பாஞ்சாலி மூட்டையாகக் கட்டித் தெருவில் வைத்தாள். அவன் வந்து எடுத்துப்போகும்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்களுக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்கவே வேண்டாம். ஏகாம்பரத்தின் நிலம் குடித்து ஏப்பம் விட்ட பிறகு மிச்சம் வந்தது. பச்சமுத்து உத்திரமேரூர் ரைஸ் மில்லில் மூட்டை தைக்கப் போனான். ஏரிப் பக்கம் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போவான், வருவான்.

பங்குனியில் வினை வந்தது. மதகை மூடி மறுபடி திறக்கும்போது கட்டை சாய்ந்து துளையில் பாதியில் மாட்டிக்கொண்டது. அரை வாய் திறந்த மதகு. கசிகிற தண்ணீர் ஏகாம்பரத்தின் வயலுக்கு யதேஷ்டம். எங்கள் பயிர் கதிர் தொண்டையில் நிற்கிறது, இன்னும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் பதர். கட்டையைப் பிடுங்கியே ஆக வேண்டும். அரை வாய் மதகு ஆளைப் பிடித்து இழுக்கும், கயிறு பிடிக்கிறவன் கை சுத்தமாக இருக்க வேண்டும். முத்துவேல் முடியாது என்று சொல்லிவிட்டான். நாளைக்கு ஒன்று ஆனால் என் தலையில் விழும், எனக்கும் அவனுக்கும் என்ன உறவு என்றான். பெருமாளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, மைத்துனன் கிடையாது. வழக்கத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அவனுக்குக் கயிறு பிடிக்க ஊரில் ஒரே ஒரு உறவுதான் உண்டு. அக்காள் புருஷன்.

நாங்கள் கடைசி வயல்காரர்கள்தான் பச்சமுத்துவின் வீட்டுக்குப் போனோம். கட்டை மாட்டிக்கொண்டதைச் சொன்னோம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாஞ்சாலிதான் பேசினாள்.

"போய் புடி. என் தம்பிக்காவச் சொல்லல. கவுறு உன் கையில இருந்தா நான் இங்க சும்மா இருப்பேன். வேற எவன் கையில இருந்தாலும் கரையிலதான் நிப்பேன்."

அவன் வந்தான். ஆனால் அவளும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

பச்சமுத்துவைப் பார்த்ததும் பெருமாள் இரண்டடி பின்னால் நகர்ந்தான். பிறகு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். பச்சமுத்து முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுமுனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கரையில் காலை ஊன்றி நின்றான். பெருமாள் முங்கினான். கொஞ்ச நேரத்தில் மேலே வந்து, கட்டை அசையவில்லை என்றான். மறுபடி முங்கினான், மறுபடி வந்தான், கை வழுக்குகிறது என்றான். மூன்றாவது முறையும் அதே கதை. நாங்கள் கரையில் நின்று பதறினோம். ஒரே ஒரு கட்டை, தையில் ஒரே மூச்சில் பிடுங்கினவன், இப்போது என்ன என்று எங்களுக்குப் புரியவில்லை.

பச்சமுத்துவுக்குப் புரிந்தது. கயிறு அவன் கையில் இருந்ததே. இடுப்பில் கட்டின கயிறு ஆள் அசைகிறபடி தளர்ந்தும் இறுகியும் வரும். இது விறைத்தபடியே இருந்தது. கீழே பெருமாள் கயிற்றை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் கட்டையை அசைத்துக்கொண்டிருந்தான். மேலே இருக்கிறவன் விட்டுவிடுவான் என்ற பயம். விடுவதற்கு இவனிடம் காரணம் இருக்கிறதே.

நான்காவது முறை பெருமாள் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது பச்சமுத்து சொன்னான்.

"அதுக்கு ரெண்டு கையும் வேணும்டா. நீ ஒரு கையால கவுத்தப் புடிச்சிக்கினு கீற. நீ மேல நின்ன இத்தினி வருசமும் நான் ஒரு நாளாவது கவுத்தத் தொட்டனா?"

பெருமாள் தண்ணீரிலேயே நின்று அழுதான். இன்னொரு முறை போகிறேன் மாமா என்றான். பச்சமுத்து வேண்டாம் என்று தலையசைத்து, அவனைக் கரைக்கு இழுத்தான். அவன் இடுப்பு முடிச்சைத் தானே அவிழ்த்தான். சட்டையைக் கழற்றிப் பாஞ்சாலியிடம் கொடுத்தான். வரப்பில் நின்றிருந்த ஏகாம்பரம், வருஷத் தண்ணீருக்கு ஒரு கை என்று எதையோ ஆரம்பித்தார். அப்போது நான் அவரைச் சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது. வாயை மூடிக்கொண்டார்.

கயிறு தரையில் கிடந்தது. நான் ஓடிப்போய் அதை எடுத்து, ஒரு முனையைப் பச்சமுத்துவிடம் நீட்டினேன். வழக்கமாவது மண்ணாவது, நான் பிடிக்கிறேன், கட்டிக்கொள் என்றேன். என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"வேணாம் பஞ்சாட்சரம். கவுறு இல்லன்னு தெரிஞ்சா பாத்து வேல செய்வேன்."

கயிறில்லாமல் முங்கினான். அரை வாய் திறந்த மதகுக்குள், இடுப்பில் ஒரு நூல் கூட இல்லாமல். பாஞ்சாலி அவன் சட்டையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். நான் அந்தக் கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. கீழே வாய்க்காலில் திடீரென்று தண்ணீர் குபுகுபுவென்று கிளம்பியது. கட்டை வந்துவிட்டது. ஆள் வரவில்லை. பாஞ்சாலி கரையிலிருந்து இறங்கிவிட்டாள். பெருமாள் அவளைப் பிடித்து நிறுத்தப் போனான், அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். அப்புறம் மதகை விட்டுத் தள்ளி, கல்லோரமாக, பச்சமுத்துவின் தலை தெரிந்தது. தோளிலும் முதுகிலும் கல் கிழித்து ரத்தம். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் பிடித்திருக்க மாட்டான். தானே கல்லைப் பற்றி ஏறினான்.

சாயங்காலத்துக்குள் என் வயலுக்குத் தண்ணீர் வந்தது. சித்திரையில் அறுத்தோம். முதல் மரக்காலை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். நான் இந்த வருஷத்து நீர்க்கட்டி இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டான். பெருமாள் அந்த மாதமே ஊரை விட்டுப் போனான். அடுத்த தையில் ஊர் புதுத் துண்டோடு பச்சமுத்துவின் வாசலில் நின்றது. அவன் மில்லுக்கு நேரமாகிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு ஒருவழியாக இரும்புக் கதவு வந்து, முங்குகிற வேலையே ஊருக்கு இல்லாமல் போயிற்று.

ஒருநாள் மில் வாசலில் டீ குடிக்கும்போது அவனிடம் கேட்டேன். இங்கே பிடிமானம் ஒன்றும் இல்லையே, இப்போதாவது நிஜமாகவே கடலுக்குப் போகலாமே, கல்பாக்கம் பக்கம் கட்டுமரக்காரர்களிடமாவது சேரலாமே என்றேன். டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தான்.

"கடல்லயும் கவுறு புடிக்க ஒருத்தன் வேணுமே" என்றான்.

நான் இருக்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஒருமுறை சொல்லித்தான் பார்த்தேனே.